அரை மணி நேர வேலை

மொசெசி செத்து நாலு நாள் கழித்துத்தான் வடகோடிப் பனியூரான சிக்குயுவாக்கில் விமானம் இறங்க முடிந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் ட்ரெவர் ஹின்ட்ஸ், வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி. வேலையில் அடிபட்டவனுக்கும் செத்தவனின் குடும்பத்துக்கும் இழப்பீடு உண்டா இல்லையா என்பது அவர் எழுதுகிற அறிக்கையில்தான் இருந்தது. நேரே ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார். பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதைத்து உதிர்த்தபடியே, மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

லீட்டியா எழுந்து நின்றாள். பதினாறு வருஷமாக அந்த ஊருக்கு அவள்தான் வாய். டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நீதிபதி சொல்வதைக் குற்றவாளிக்கும், வாத்தியார் சொல்வதைப் பெற்றவர்களுக்கும் அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

"செத்தவர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார் ஹின்ட்ஸ்.

"என் தங்கச்சி புருஷன்."

"மேஸ்திரி ஜேக்கோ உங்களுக்கு என்ன வேணும்?"

"என் புருஷன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேற ஆளே கிடையாதா?"

"இன்னொருத்தி இருக்கா. பிரசவத்துக்குத் தெற்க போயிருக்கா. அவளும் மொசெசிக்கு அத்தை மகதான். சொந்தமில்லாத ஆள்தான் வேணும்னா இந்த ஊர்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் சார் இருக்கீங்க."

போனில் தலைநகரத்து மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கலாம் என்று பார்த்தார். புயலில் சாய்ந்த கோபுரம் இன்னும் நிமிரவில்லை, வெளியூருக்கு லைன் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடி வானம் மூடிக்கொள்ளும் என்று விமானி வேறு சொல்லியிருந்தார். ஹின்ட்ஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவங்க சொல்றத மட்டும்தான் சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

"பதினாறு வருஷமா அதத்தான் செய்றேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மொசெசி செத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மூன்று நாள் விடாமல் புயல் அடித்தது. வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி நிறைந்து சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். பொதுப்பணி மேஸ்திரி ஜேக்கோதான் என்பதால் மொத்த ஊரும் அவன் வீட்டுக்குத்தான் போன் போட்டது. "எங்க வீட்டுக்கு எப்ப வருவ? வெளியேதான் போகச் சொல்றியா, இந்தக் காத்துல?" என்று கிழவர்கள் கத்தினார்கள். காற்று சற்றுத் தணிந்தபோதெல்லாம் ஜேக்கோ தானே கழிவு லாரியை எடுத்துக்கொண்டு போனான். மூன்று நாளில் அவன் நாலு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். ஞாயிறு ஒரு நாள் மட்டும் வானம் விட்டது. அப்போது பார்த்து லாரியின் தொட்டிக்குள் இருக்கும் அடைப்பான் உறைந்து, துணியும் ஐஸுமாகச் சிக்கிக்கொண்டது. உறிஞ்சவே இல்லை. இன்னொரு லாரி கிறிஸ்துமஸிலிருந்தே படுத்துக் கிடந்தது.

தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமானால் அதற்கென்று முறை இருக்கிறது. முதலில் விஷவாயு இருக்கிறதா என்று கருவியை விட்டு அளக்க வேண்டும், விசிறி வைத்துக் காற்றடிக்க வேண்டும், இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வெளியே நிற்க வேண்டும். அளக்கிற கருவி அக்டோபர் மாதம் பழுதுபார்க்கத் தெற்கே போனது, திரும்பி வரவில்லை. ஜேக்கோ இரண்டு முறை கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அது இல்லாமலே அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தரம் அவனே இறங்கியும் இருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

கோவில் முடிந்து வந்து லீட்டியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் ஜேக்கோ போனில் பேசியது அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"சகல, ஒரு கை குடுய்யா. அரை மணி நேர வேலை. உள்ள எறங்கி அந்தக் கந்தலப் பிடுங்கிப் போட்டா போதும்... தெரியும், தெரியும், சீல் வேட்டைக்குக் கெளம்பிட்ட. சீல் எங்கயும் ஓடிப் போயிடாது. உன் வண்டியும் ஷெட்லதான நிக்குது, பெல்ட்ட மாட்டிட்டு அப்படியே போயிடலாம்... நீ போய் மூடியத் தெறந்து வை. இதோ வந்துட்டேன்."

மறுமுனையில் மொசெசி என்னவோ கிண்டல் சொல்லியிருக்க வேண்டும். ஜேக்கோ அந்த மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். மொசெசி அப்படிப்பட்டவன். கோவிலில் சுருதியே சேராமல் எல்லோரையும்விட உரக்கப் பாடுவான். லீட்டியா திரும்பிப் பார்த்தால், "என்ன மதினி, காதுல விழுந்துச்சா? மேல இருக்கிறவருக்குக் கேக்கணும்ல?" என்பான். உடைந்த பொருள் எதைக் கண்டாலும் கையை விடாமல் இருக்க மாட்டான்.

ஜேக்கோ பூட்ஸ் மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு காலில் மாட்டினான். இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே சுவரில் தலையைச் சாய்த்தவன் அப்படியே தூங்கிப்போனான். லீட்டியா மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய், வாய் திறந்து, பிணம் போலக் கிடந்தான். தோளைத் தொட்டு எழுப்பக் கை நீட்டினாள். பத்து நிமிஷம் கிடக்கட்டும் என்று தோன்றியது. மூடியைத் திறக்கவே மொசெசிக்கு அவ்வளவு நேரமாகும். கையை இழுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.

அது பத்து நிமிஷமாக இருக்கவில்லை. ரொட்டி ஒரு பக்கம் சிவந்து, திருப்பிப் போட்டு, மறுபக்கமும் சிவந்தது. ஜேக்கோ தானாகவே திடுக்கிட்டு விழித்து, இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு ஓடினான்.

மொசெசி காத்திருக்கவில்லை. தொட்டிக்குள் இறங்கி, விஷவாயுவில் சுருண்டு கிடந்தான். ஜேக்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்கி, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கி வெளியே தள்ளி, தானும் பாதி விழுந்து வெளியே வந்தான். நர்ஸ் வந்தபோது இரண்டு பேரும் சிமெண்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். ஒருவன்தான் இருமினான். சகலைக்காக உயிரைப் பணயம் வைத்தானே என்று ஊரே ஜேக்கோவைப் பற்றிப் பேசியது. அதுவும் பொய்யில்லை.

ஆனால் மருத்துவக் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தபோது போலீஸ்காரர் குனிந்து, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்டார். ஜேக்கோ இல்லையென்று மூக்கைச் சுருக்கினான். அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டது. ஜேக்கோவுக்குக் கீழே வேலை பார்த்த மொசெசிக்கு அன்று விடுமுறை. அவனுடைய பனிவண்டி மேல்மூடி திறந்தபடி ஷெட்டில் நின்றது. சொந்த வண்டியைச் சரிபார்க்கப் போனவன், சும்மா இருக்க மாட்டாமல் லாரித் தொட்டிக்குள் தலையை விட்டிருக்கிறான். அவனைத் தெரிந்த எல்லோருக்கும் அது நம்பக்கூடியதாகவே இருந்தது.

ஊராட்சிக் கூட்ட அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் லீட்டியா, அந்தப் பக்கம் ஜேக்கோ, தலைப்பக்கம் ஹின்ட்ஸ். ஜேக்கோவுக்கு வேலைக்கு வேண்டிய அளவு இங்கிலீஷ் தெரியும். ஆனாலும், "எங்க பாஷைலயே பேசுறேன்," என்றான்.

வயது, வேலையில் சேர்ந்த வருஷம், பயிற்சி, கருவி எல்லாம் கேட்டு முடித்து ஹின்ட்ஸ் பேனாவை நிமிர்த்தினார். "ஞாயிற்றுக்கிழமை மொசெசியை வேலைக்குக் கூப்பிட்டீங்களா?"

லீட்டியா புருஷன் பக்கம் திரும்பினாள். அவனிடம் அவள் அதுவரை இதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இப்போது கேட்டாள்.

"ஞாயித்துக்கிழம மொசெசிய வேலைக்குக் கூப்பிட்டீங்களா?"

ஜேக்கோ மேசை ஓரத்தில் பெயர்ந்திருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் அழுத்தி ஒட்டவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். "கூப்பிடல," என்றான்.

அறையில் வெப்பக் குழாய் மட்டும் டக் டக்கென்றது. ஹின்ட்ஸ் அவளைப் பார்த்துக் காத்திருந்தார். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

"கூப்பிடலன்னு சொல்றார்," என்றாள் இங்கிலீஷில். அவர் எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டில் இரண்டு பேரும் ஒரே பாத்திரத்திலிருந்து கரிபூ மான்கறியைத் தின்றார்கள். ஜேக்கோ இருமிக்கொண்டே இருந்தான். அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். கூப்பிடல என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததைவிட தன் வாயிலிருந்து வந்ததுதான் அவளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது.

மறுநாள் காலை தங்கை நப்பாச்சியின் வீடு. லீட்டியாவுக்கு ஆறு வயது இளையவள். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தலையை வாரி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவருகே ஆணியில் மொசெசியின் முக்காடு வைத்த பனிக்கோட்டு, அந்தப் பார்க்கா, தொங்கியது. ஹின்ட்ஸ் தொப்பியைக் கழற்றி, வருத்தம் சொன்னார். லீட்டியா அதை மொழிபெயர்த்தாள். "நல்ல மனுஷன்," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னாள் நப்பாச்சி. "இதையும் அவர்கிட்டச் சொல்லணுமா?"

"சொல்லணும்டி," என்று லீட்டியா சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி அவருக்குப் போன் ஏதாவது வந்ததா? எதுக்குப் போறேன்னு சொன்னாரா?" என்றார்.

லீட்டியா அதைத் தங்கையிடம் கேட்டாள். நப்பாச்சி அக்காவின் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அப்பாவின் துப்பாக்கியை ஆற்றில் நழுவவிட்டுவிட்டு, யார் சொல்வது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை அது. லீட்டியா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

நப்பாச்சி மெல்ல மூக்கைச் சுருக்கினாள்.

ஹின்ட்ஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. "என்ன சொல்றாங்க?"

"இல்லன்னு சொல்றா," என்றாள் லீட்டியா.

அன்று மாலையே அவர் விமானம் ஏறிப் போனார்.

பூமி இரும்பாக உறைந்திருந்தது. அழுத்தக்காற்று இயந்திரம் வைத்து இரண்டு நாள் உடைத்துக் குழி தோண்டினார்கள். சவப்பெட்டியை அதே ஷெட்டில் வைத்துத்தான் செய்தார்கள், ஊரில் அவ்வளவு நீளத்துக்கு வேறு இடமில்லை. ஜேக்கோ பெட்டியின் மூலைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தான். போதும் என்று மற்றவர்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம், கரையோர ஐஸ் கறுத்து விரிசல் விட ஆரம்பித்த நேரத்தில், நப்பாச்சி பிரிக்காத ஒரு கடிதத்தோடு லீட்டியாவின் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"படிச்சுச் சொல்லுக்கா."

லீட்டியா முதலில் தனக்குள் படித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். காலஞ்சென்றவர் விபத்து நடந்த நாளில் பணியில் இல்லை. யாரும் அவரைப் பணிக்கு அழைத்ததற்கு ஆதாரம் இல்லை. சொந்தக் காரியத்துக்காக அங்கே சென்றதாகத் தெரிகிறது. ஆகவே இந்த மரணம் வேலையினால் ஏற்பட்டதாகக் கருத இயலாது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஓய்வூதியம் வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம். மறுபரிசீலனை கோர உங்களுக்கு உரிமை உண்டு.

நப்பாச்சி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அவர் சும்மா செத்தார்னு எழுதியிருக்காங்க," என்றாள்.

"நப்பாச்சி..."

"சொந்தக் காரியம்." அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "சொந்தக் காரியமா மலத்தொட்டிக்குள்ள எறங்குவாங்களா யாராவது? ஷீபா கேக்கறா, அப்பா எதுக்கும்மா அதுக்குள்ள போனாருன்னு. பள்ளிக்கூடத்துல பசங்க சிரிக்கிறாங்களாம்."

லீட்டியா கடிதத்தை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"அன்னைக்குப் போன் வந்துச்சுக்கா," என்றாள் நப்பாச்சி. குரலை உயர்த்தவில்லை. "நான்தான் எடுத்தேன். அத்தான் குரல் எனக்குத் தெரியாதா? அவர்கிட்டக் குடு புள்ளன்னாரு. குடுத்தேன். அரை மணி நேரத்துல வந்துடறேன், டீய ஆத்திடாதன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அப்ப ஏன்டி அந்த ஆள்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் வாயாலதான நான் பேசணும். உன் புருஷன உன் வாயாலயே காட்டிக்குடுன்னு சொல்லவா?" அவள் கண்ணில் நீர் இல்லை. "நீ சொல்லுவன்னு இருந்தேன். அன்னைக்கு இல்லாட்டி மறுநாள். மறுநாள் இல்லாட்டி அடுத்த வாரம். மூணு மாசம் காத்திருந்தேன்கா. உனக்கு எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியும். உங்க கூடத்துலதான போன் இருக்கு."

கடிதத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

லீட்டியா அன்று மதியமே வீட்டுக்குப் போனாள். ஜேக்கோ வாசலில் உட்கார்ந்து மீன்வலையில் கிழிந்த கண்களை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கடிதத்தில் என்ன இருந்தது என்று சொன்னாள். அவன் கை நின்றது.

"நான் பேசப் போறேன்," என்றாள்.

"சொன்னா நான் கொன்னேன்னு ஆயிடும்."

"சொல்லாட்டி அவர் சும்மா செத்தாருன்னு ஆகுது. அது ஏற்கனவே ஆயிடுச்சு. எழுதியே அனுப்பிட்டாங்க."

"கருவி வரலன்னு ரெண்டு தடவ எழுதினேன். யார் காதுலயாவது ஏறுச்சா?" இருமல் வந்து பேச்சை நிறுத்தியது. அடங்கியதும் மெதுவாகச் சொன்னான். "மூணு நாளா ஊர் பூரா என் தலைல ஏறி உக்காந்திருந்தது. எனக்கு அந்த அடைப்பான் ஒண்ணுதான் கண்ணுல தெரிஞ்சுது. அந்தப் போலீஸ்காரர் கேட்டப்ப... மூக்கச் சுருக்கினேன். சுருக்கினதுக்கு அப்புறம் நிமித்த முடியல."

"இப்ப நிமித்துங்க."

"எனக்கு ஒரு வாரம் குடு. நானே சொல்றேன்."

அவள் ஒரு வாரம் கொடுத்தாள். அவன் தினமும் மீனுக்குப் போனான், வந்தான், போனைத் தொடவில்லை. எட்டாம் நாள் காலை லீட்டியா அலுவலகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஹின்ட்ஸுக்கு போன் போட்டாள்.

"இன்னைக்கு நான் யாருக்கும் மொழிபெயர்க்கல. என் பேச்சத்தான் பேசுறேன்," என்று ஆரம்பித்தாள். போன் பேசியதைத் தன் காதால் கேட்டதைச் சொன்னாள். தங்கை சொன்னதையும் சொன்னாள்.

மறுமுனையில் தாள்கள் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவர் கூப்பிடலன்னு சொன்னப்ப நீங்கதான மொழிபெயர்த்தீங்க?" என்றார்.

"ஆமா. அவர் சொன்னத அப்படியே சொன்னேன்."

"அது பொய்னு தெரிஞ்சே."

"தெரிஞ்சேதான்."

மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டதாகப் பத்து நாளில் தகவல் வந்தது. அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஆனாலும் அடுத்த தடவை டாக்டர் வந்தபோது, காது சரியாகக் கேளாத ஒரு கிழவர் அறைக்கு வெளியே அவளைத் தேடிக் கை ஆட்டியதும், தான் உள்ளே போக முடியாமல் நின்றதும் அவள் எதிர்பார்க்காதது.

ஹின்ட்ஸ் ஜூலையில் மறுபடி வந்தார். இம்முறை போனில் வேறு ஊர்க்காரர் மொழிபெயர்த்தார். ஜேக்கோ இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்தவன் படியில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான், மறுபடி அவிழ்த்துக் கட்டினான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நப்பாச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு என்று முடிவானது. செப்டம்பரில் நீதிமன்றமே விமானத்தில் வந்து உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியது. கருவியில்லாமல் வேலை வாங்கியதை ஊராட்சி ஒப்புக்கொண்டது, அபராதம் விழுந்தது. ஜேக்கோவின் மேஸ்திரி வேலை போயிற்று. கூட்டுறவுக் கடையில் பெட்டிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்குகிற வேலை கிடைத்தது. முன்பு சகலைக்காக உயிரைக் கொடுக்கப் போனவன் என்று சொன்ன அதே வாய்கள், இப்போது அவன் வரும்போது வேறு எதையாவது பேசின. அவன் நுரையீரல் தேறவே இல்லை. ஒரு மூட்டை மாவைத் தூக்கினால் இரண்டு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"உங்களுக்கும் வேலைல வந்த வியாதிதான். விண்ணப்பம் போட்டா குடுப்பாங்க. நான் எழுதித் தரேன்," என்றாள் லீட்டியா.

"வேண்டாம்."

"உரிமை இருக்குங்க."

"அவன்கூடப் பக்கத்துல கெடந்தவன் நான். அவனுக்கு இல்லன்னு சொல்லிட்டு இருந்த வாயால எனக்குக் குடுன்னு கேக்கச் சொல்றியா?" அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

இதற்கு நடுவே, ஆகஸ்டில் மொசெசியின் சித்தப்பா மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மொசெசி என்றே பெயர் வைத்தார்கள். பெயரோடு உறவும் வந்துவிடும் என்பதால் ஷீபாவும் அவள் தம்பியும் அந்தப் பிஞ்சை அப்பா என்று கூப்பிட்டார்கள். நப்பாச்சி தன் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, சீல் கொழுப்பை விரலில் தொட்டு அதன் உதட்டில் தடவினாள். ஒருநாள் அந்தத் தாய் பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். முறைப்படி ஜேக்கோ போய்க் குனிந்து, "என்ன சகல," என்று அதன் கன்னத்தைத் தொட வேண்டும். அவன் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய், அவள் போகும் வரை நின்றான். இதை அவனே லீட்டியாவிடம் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணை அறிக்கையின் நகல் அக்டோபரில் ஊராட்சிக்கு வந்தது. கோப்பில் வைக்கிற வேலை லீட்டியாவினுடையது. ஜேக்கோ சொன்ன வாக்குமூலம் அதில் முழுசாக இருந்தது. கூப்பிட்டது, கருவி இல்லாதது, கயிற்றுக்கு ஆள் இல்லாதது, இதோ வருகிறேன் என்று சொன்னது எல்லாம் இருந்தது. பிறகு நாற்காலியில் தூங்கிப்போனதையும் சொல்லியிருந்தான். அதற்கு அடுத்த வரி: 'உங்களை எழுப்ப வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டதற்கு, மனைவி அந்த நேரத்தில் வீட்டில் இல்லை, தான் போன் பேசி முடித்ததுமே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்.'

லீட்டியா அந்த வரியை விரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எட்டிப் பார்த்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மாவுக் கையை நீட்டியதும், இழுத்துக்கொண்டதும்கூடத் தெரிந்திருக்குமோ என்னவோ. இத்தனை மாதமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. அவனைக் காட்டிக் கொடுத்தவளை அவன் காட்டிக் கொடுக்கவில்லை.

அறிக்கையைக் கோப்பில் வைக்காமல் தங்கை வீட்டுக்கு நடந்தாள். நப்பாச்சி கதவைத் திறந்து, உள்ளே வா என்று நகர்ந்தாள். லீட்டியா வாசலிலேயே நின்று சொன்னாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லல. அவர் பூட்ஸ் மாட்டும்போது தூங்கிட்டாரு. நான் பாத்தேன். எழுப்பலாம்னு கிட்டப் போனேன். பாவமா இருந்துச்சு, எழுப்பல."

நப்பாச்சி கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"இருபது நிமிஷம்," என்றாள் நப்பாச்சி. "அந்த நேரம் நான் டீய அடுப்புலயே வச்சிருந்தேன்." வெளிக்குளிர் வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கதவை ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

குளிர்காலம் முழுக்க அக்காள் தங்கை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோவிலில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் பிள்ளைகள் உட்கார்ந்தன. ஜேக்கோ கோவிலுக்கு வருவதையே நிறுத்தியிருந்தான்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நப்பாச்சி தானே வந்து கதவைத் தட்டாமல் திறந்தாள். கையில் ஒரு படிவம். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நிரப்பி அனுப்ப வேண்டியது. பிரசவத்துக்குத் தெற்கே போய்த் திரும்பிய இன்னொரு மொழிபெயர்ப்பாளர் ஊரில் இருந்தாள். அவளிடம் போகாமல் இங்கே வந்திருந்தாள். லீட்டியா ஏன் என்று கேட்கவில்லை. மேசையைத் துடைத்தாள்.

ஜேக்கோ அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். மைத்துனியைக் கண்டதும் எழுந்து, ஆணியிலிருந்து பார்க்காவை எடுத்தான். அந்தக் காற்றில் வெளியே போனால் அவன் நெஞ்சு என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"இருக்கச் சொல்லுக்கா," என்றாள் நப்பாச்சி, படிவத்தைப் பிரித்துக்கொண்டே. அவன் பக்கம் திரும்பவில்லை.

லீட்டியா புருஷனைப் பார்த்து, "இருக்கச் சொல்றா," என்றாள்.

அவன் பார்க்காவைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்தான்.

"முதல் கேள்வி," என்று லீட்டியா படித்தாள். "போன வருஷத்துக்கு அப்புறம் மறுமணம் ஆச்சா?"

நப்பாச்சி மூக்கைச் சுருக்கினாள். லீட்டியா கட்டத்தில் குறி போட்டாள்.

"பிள்ளைங்க ரெண்டு பேரும் உங்கூடத்தான் இருக்காங்களா?"

ஆமென்று புருவத்தை உயர்த்தினாள். குறி போட்டாள். ஷீபாவின் வகுப்பு, சின்னவனின் பிறந்த தேதி, வீட்டு எண். பக்கத்தின் கடைசியில் காலஞ்சென்ற தொழிலாளியின் பெயர் என்று ஒரு கோடு இருந்தது. லீட்டியா பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள். நப்பாச்சி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதி, தானே கையெழுத்தும் போட்டாள்.

மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பார்க்காவின் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். உலர்ந்த மீன்.

"இருமலுக்கு சூப் வச்சுக் குடு," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல்வரை போய், "அடுத்த வருஷமும் இந்தத் தாள் வருமாமே?" என்றாள்.

"வருஷா வருஷம் வரும்," என்றாள் லீட்டியா.

"சரி," என்று சொல்லித் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். லீட்டியா சன்னலருகே நின்று அவள் வீடு திரும்புவதைப் பார்த்தாள். பின்னால் ஜேக்கோ எழுந்து, பார்க்காவை ஆணியில் மாட்டிவிட்டு, பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.